கேமரா முன்பதிவு: சலுகையில் வரும் பேட்டரி, பெட்டியில் வராத சார்ஜர்

புது கேமரா வாங்குகிறவர் பெட்டியைத் திறந்ததும் தேடுவது சார்ஜரை. பல பெட்டிகளில் இப்போது அது இருப்பதில்லை. 2022-இல் வந்த ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி5 மாதிரி, பேட்டரியைக் கேமராவுக்குள்ளேயே வைத்து டைப்-சி கேபிளில் சார்ஜ் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடும் மாடல்கள் பெருகிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் டிஜிட்டல் கேமராக்களுக்கும் டைப்-சி கட்டாயம், சார்ஜர் இல்லாமல் வாங்கும் வாய்ப்பையும் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இனி வரும் பெட்டிகள் இன்னும் மெலியத்தான் செய்யும்.

முன்பதிவுச் சலுகையை எடை போட இதுதான் சரியான இடம். 'இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள பொருட்கள் இலவசம்' என்ற அறிவிப்பில், நீங்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கப்போகும் பொருள் எது? பெரும்பாலும் இரண்டாவது பேட்டரி, அதற்கான சார்ஜர். மற்றதெல்லாம் அலங்காரம்.

முதலில்: முன்பதிவு அவசியமா?

இரண்டு விதமான கேமராக்கள் உண்டு. ஒன்று, வரும்போதே தட்டுப்பாட்டோடு வருவது. 2024 பிப்ரவரி 20 அன்று அறிவிக்கப்பட்ட ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100விஐ அப்படிப்பட்டது. முதல் நாட்களில் பதிவு செய்தவர்களுக்குக் கிடைத்தது. யோசித்து நின்றவர்கள் மாதக்கணக்கில் வரிசையில் இருந்தார்கள், பழைய சரக்குச் சந்தையில் புதுவிலையைவிடக் கூடுதலாகவும் விற்றது. இந்த மாதிரி மாடலுக்குச் சலுகையே இல்லாவிட்டாலும் முன்பதிவு செய்வதில் அர்த்தம் உண்டு.

மற்றது, சோனி, கேனான், நிக்கான் நிறுவனங்களின் வழக்கமான மிரர்லெஸ் மாடல்கள். இவை சில மாதங்களில் கடையில் தாராளமாகக் கிடைக்கும்; தீபாவளியை ஒட்டி கேஷ்பேக்கும் வரக்கூடும். அவசர வேலை எதுவும் இல்லையென்றால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: புத்தம்புது மாடலின் ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படத்தை) உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் முதல் நாளே திறக்கும் என்ற உறுதி கிடையாது. சாஃப்ட்வேருக்கு அப்டேட் வரும்வரை ஜேபெக்கில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். கேமராவுக்குள் ஓடும் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரின் முதல் பதிப்பில் சின்னச் சின்னக் கோளாறுகளும் சகஜம்.

சலுகையைப் பிரித்துப் பார்ப்பது

ஒரு காகிதத்தில் இலவசப் பொருட்களை வரிசையாக எழுதுங்கள். எதிரே அறிவிப்பில் போட்ட மதிப்பை எழுதாதீர்கள். 'இது இல்லாவிட்டால் நான் இதற்கு எவ்வளவு செலவழிப்பேன்' என்பதை எழுதுங்கள். உதாரணத்துக்கு ₹16,000 மதிப்பு என்று சொல்லும் சலுகை: ஒரிஜினல் பேட்டரி ₹7,000, தோள்பை ₹5,000, 64 ஜிபி கார்டு ₹4,000. பேட்டரியை நீங்கள் வாங்கியே ஆக வேண்டும், ஆகவே ₹7,000 அப்படியே நிற்கும். பை ஏற்கெனவே இருந்தால் அதன் மதிப்பு சுழி. கார்டு வி30 வகையா, அதைவிட வேகமாக எழுதும் வி60 வகையா என்று பாருங்கள். உங்கள் வீடியோ பிட்ரேட்டுக்கு (நொடிக்கு எழுதப்படும் தரவின் அளவுக்கு) வி60 தேவைப்பட்டு, வருவது வி30 என்றால் அது போட்டோவுக்கு மட்டும் உதவும் உபரிக் கார்டு, ₹1,500 போடலாம். மொத்தம் ₹8,500. பக்கத்துக் கடைக்காரர் இலவசம் எதுவும் தராமல் விலையில் ₹9,000 குறைத்தால் அவரிடம் வாங்குவதே லாபம்.

அடுத்து நிபந்தனைகள். முன்பதிவில் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

சலுகைக் காலம் எதை வைத்துக் கணக்காகிறது? முன்பணம் கட்டிய தேதியா, பில் போட்ட தேதியா? பில் தேதி என்றால் கவனம். நீங்கள் 5-ஆம் தேதி பதிவு செய்கிறீர்கள், சலுகை 20-ஆம் தேதி முடிகிறது, சரக்கு 25-ஆம் தேதிதான் கடைக்கு வருகிறது. பில் 25-இல் விழும். பேட்டரி போச்சு. 'சரக்குத் தாமதமானாலும் சலுகை செல்லும்' என்று ரசீதிலேயே கடைக்காரரை எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்தாலும் பரவாயில்லை.

இலவசம் கடையிலேயே கைக்கு வருமா, அல்லது நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணும் பில்லும் ஏற்றி வீட்டுக்கு வரவழைக்க வேண்டுமா? இரண்டாவது என்றால் அதற்கொரு கடைசித் தேதி இருக்கும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஓரெழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பும். பூஜ்யத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் குழப்பிப் போடும் பில்கள் உண்டு. கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒத்துப்பாருங்கள்.

சலுகை பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) மட்டும் வாங்குகிறவருக்கா, கூடவே விற்கும் கிட் லென்ஸோடு வாங்குகிறவருக்கா? அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்கினால் மட்டுமா? ஆன்லைன் சந்தைத் தளத்தில் யாரோ ஒரு விற்பனையாளரிடம் வாங்கும் கேமராவுக்குப் பல சமயம் சலுகை கிடையாது.

இலவசப் பேட்டரியையும் பில்லில் ஒரு வரியாக, சுழி ரூபாயிலாவது, எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அது வீங்கினால் வாரண்டி கேட்க ஆதாரம் வேண்டுமே. பேட்டரிக்கான வாரண்டி கேமராவுக்குள்ள அளவு நீளமாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்பணத்தை கடையின் வங்கிக் கணக்குக்கோ கார்டு மெஷினிலோ கட்டுங்கள். ஊழியரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு வேண்டாம். ரசீதில் மாடல், பாடியா கிட்டா, ஒப்புக்கொண்ட விலை, சலுகைப் பொருட்கள், ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்ற ஐந்தும் இருக்கட்டும். சொன்னபடி நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ₹5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை.

'நோ-காஸ்ட்' இஎம்ஐ

பெயரில்தான் செலவில்லை. ₹1,20,000 கேமரா, 6 மாதத் தவணை, மாதம் ₹20,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கி ஆண்டுக்கு 15 சதவீத வட்டி போடுகிறது. அந்த வட்டி சுமார் ₹5,080-ஐ விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறார். ஆனால் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, சுமார் ₹914. அதை நீங்கள்தான் கட்டுவீர்கள். மேலே பிராசஸிங் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் போகும். உடனடித் தள்ளுபடியும் நோ-காஸ்ட் இஎம்ஐயும் ஒன்றாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடுவதும் உண்டு.

பில் இல்லாத சரக்கு

புது மாடல் வந்த வாரத்தில் 'துபாய் பீஸ்', 'சிங்கப்பூர் பீஸ்' என்று பத்துப் பதினைந்தாயிரம் குறைவாக வரும். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம்-வருடம், எல்லா வரிகளும் சேர்ந்த எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லையென்றால் முன்பதிவுச் சலுகையும் இல்லை, நிறுவனத்தின் இந்திய வாரண்டியும் சந்தேகம். கேமராவுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கும் தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு, பில் இல்லாத மலிவு விலை உண்மையில் மலிவே இல்லை.

உங்கள் கேமராவுக்கு எந்தப் பேட்டரி?

சார்ஜர் வாங்கும் முன் பேட்டரியின் பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வடிவம் ஒன்றாக இருந்தும் கடைசி எழுத்தில் கதை மாறும்.

சோனியில் என்பி-எஃப்இசட்100: 2280 எம்ஏஎச், 16.4 வாட்-அவர் (பேட்டரி சேமிக்கும் மொத்த ஆற்றல்). ஆல்ஃபா 7 III முதல் இசட்வி-இ10 II வரை இதுதான். முதல் இசட்வி-இ10, ஆல்ஃபா 6400 ஆகியவை பழைய என்பி-எஃப்டபிள்யூ50-ஐப் போடுகின்றன; அதில் 1020 எம்ஏஎச்தான், பாதிக்கும் குறைவு. அந்தக் கேமரா வாங்குகிறவருக்கு ஒரு ஸ்பேர் போதாது.

நிக்கானில் இஎன்-இஎல்15 குடும்பம். நண்பரின் பழைய டிஎஸ்எல்ஆரிலிருந்து இஎன்-இஎல்15 அல்லது 15ஏ இரவல் வாங்கி இசட்6, இசட்7 போன்ற கேமராக்களில் போட்டால் கேமரா ஓடும், ஆனால் டைப்-சி வழியாக உள்ளே வைத்து சார்ஜ் ஆகாது. 15பி, 15சி மட்டுமே அப்படி ஏறும். பழையதை வெளிச் சார்ஜரில்தான் போட வேண்டும்.

கேனானிலும் இதே கதை: எல்பி-இ6 என்ற முதல் பேட்டரி கேமராவுக்குள் சார்ஜ் ஆகாது, பின்னே 'என்', 'என்எச்' சேர்ந்தவை ஆகும். 2024-இல் ஆர்5 மார்க் II-வோடு வந்த எல்பி-இ6பி-க்குப் பதிலாகப் பழையதைப் போட்டால் சில வசதிகள் முடங்கும். ஆகவே 'எல்பி-இ6 வகை இலவசம்' என்று சலுகையில் பொதுவாகப் போட்டிருந்தால் எந்த எழுத்து என்று கேட்காமல் விடாதீர்கள்.

சார்ஜ் ஏறும் கணக்கு

பேட்டரியின் வாட்-அவரை அடாப்டரின் வாட்டால் வகுத்தால் குறைந்தபட்ச மணிநேரம் கிடைக்கும். அதில் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், வெப்பமாக வீணாவதற்கும் கடைசிக் கட்ட மெதுவுக்கும். 16.4 வாட்-அவர் பேட்டரியை 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் பழைய போன் சார்ஜரில் (5 வாட்) போட்டால் நாலு மணிநேரத்துக்கு மேல். சோனியின் பிசி-க்யூஇசட்1 வெளிச் சார்ஜரில் சுமார் இரண்டரை மணி.

எந்த லித்தியம் பேட்டரியும் முதல் 80 சதவீதத்தை வேகமாக ஏற்றிக்கொண்டு மீதியை மெதுவாக ஏற்றும். இந்தக் கேமரா பேட்டரிகளுக்குள் இரண்டு செல் தொடராக இருக்கின்றன; இரண்டும் சேர்ந்து 8.4 வோல்ட்டைத் தொட்டபின் சார்ஜர் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். அவசரத்தில் 80-இல் எடுத்துக்கொண்டு கிளம்புவதே புத்திசாலித்தனம்.

டைப்-சி அடாப்டர் வாங்கும்போது 'பவர் டெலிவரி' (எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான டைப்-சி வேக சார்ஜ் முறை) என்று எழுதியிருக்கிறதா, வெளியீட்டில் '9 வோல்ட் – 3 ஆம்பியர்' வரி இருக்கிறதா என்று பாருங்கள். 30 வாட் தாராளம். 65 வாட் அடாப்டர் போட்டாலும் கெடாது. கேமரா தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கும்.

புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது: போனோடு வந்த 67 வாட், 80 வாட் சார்ஜரை எடுத்துக் கேமராவில் செருகுகிறார்கள், ராத்திரி முழுக்க மெதுவாக ஏறுகிறது. அந்த வேகம் அந்த நிறுவனத்தின் போனுக்கும் கேபிளுக்கும் இடையே மட்டும் நடக்கும் தனி ஒப்பந்தம். கேமரா அந்த மொழி பேசாததால் 5 வோல்ட்தான் வரும். அடாப்டரில் பெரிய சதுர யுஎஸ்பி-ஏ துளை இருந்தாலே பவர் டெலிவரி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கேனான் ஆர்5, ஆர்6 போன்றவை இன்னும் கறார். பவர் டெலிவரி அடாப்டர் இல்லையென்றால் சார்ஜே ஏற்றிக்கொள்ளாது.

கேமராவுக்குள்ளா, வெளியிலா?

உள்ளே வைத்து சார்ஜ் செய்ய ஒரு கேபிள் போதும், பயணத்துக்கு நல்லது. ஆனால் சார்ஜ் ஆகும் நேரம் முழுக்கக் கேமரா கட்டிப்போடப்பட்டிருக்கும். பல மாடல்களில் கேமரா அணைந்திருந்தால்தான் பேட்டரி ஏறும். ஆன் செய்தால் சார்ஜ் நின்று, கேபிளிலிருந்து வரும் மின்சாரத்தில் கேமரா ஓடும். மெனுவில் 'யுஎஸ்பி பவர் சப்ளை' என்று இருப்பது இதுதான். பலவீனமான அடாப்டர் என்றால், செருகியிருந்தும் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டே போகும்.

இரண்டாவது பேட்டரி வந்த அன்றே வெளிச் சார்ஜரும் தேவைப்படும். இரட்டைச் சார்ஜர் வசதியானது, ஆனால் 10 வாட் மட்டுமே உள்வாங்கும் மலிவு மாடலில் இரண்டு பேட்டரி போட்டால் ஆளுக்கு 5 வாட்டாகப் பங்கு பிரியும். மீண்டும் அதே நாலு மணிநேரம். பெட்டியில் உள்ளீடு எவ்வளவு என்று பாருங்கள், 18 வாட்டாவது இருக்கட்டும்.

இந்த மலிவுச் சார்ஜர்களில் விசித்திரமான ஒரு கோளாறு உண்டு. இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளைப் போட்டால் விளக்கே எரியாது. ஏ-யிலிருந்து சி-க்கு வரும் பழைய கேபிளைப் போட்டால் உடனே வேலை செய்யும். சார்ஜர் செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். காரணம், டைப்-சி துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் போடவில்லை. அவை இருந்தால்தான் அடாப்டர் 'எதிரே ஒரு கருவி இருக்கிறது' என்று உணர்ந்து மின்சாரத்தைத் திறந்துவிடும். சில ரூபாய்கூடப் பெறாத மிச்சம்.

பேட்டரியின் உடம்பிலேயே டைப்-சி துளை வைத்த மூன்றாம் தரப்புப் பேட்டரிகளும் வருகின்றன. சார்ஜரே வேண்டாம். ஆனால் வாங்கியதும் கேமராவுக்குள் போட்டு, தானாக வெளியே வழுக்கி வருகிறதா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் வெயில் நாளில் உப்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கினால் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ விட்டு நெம்பாதீர்கள், சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாம் தரப்புப் பேட்டரி மோசம் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. சிக்கல் இரண்டு: சதவீதம் 40 என்று காட்டிக்கொண்டே திடீரென்று அணைவது, கேமரா ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு 'பொருந்தாத பேட்டரி' என்று மறுப்பது. முதல் பேட்டரியும் இரண்டாவதும் ஒரிஜினலாக இருக்கட்டும், மூன்றாவது வேண்டுமானால் வேறு. ஒரிஜினல் என்று சொல்லி விற்கும் போலியைப் பிடிக்கச் சமையலறைத் தராசு போதும்: என்பி-எஃப்இசட்100 சுமார் 83 கிராம். பத்துப் பதினைந்து கிராம் குறைந்தால் உள்ளே சரக்கு இல்லை. இந்தியாவில் விற்கும் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் தரும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் யார் பெயரில் பதிவானது என்று தெரிந்துவிடும்.

பவர் பேங்கும் டம்மி பேட்டரியும்

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் எண்ணிய கணக்கு, 74 வாட்-அவர். மாற்றத்தில் வீணாவது போக ஒரு 16 வாட்-அவர் பேட்டரியை மூன்று தடவை நிரப்பலாம். எம்ஏஎச்சை எம்ஏஎச்சால் வகுத்து எட்டுத் தடவை ஏறும் என்று எண்ணினால் நட்டாற்றில் நிற்பீர்கள்: கேமரா பேட்டரி 7.2 வோல்ட், வோல்ட் வேறானால் அந்த வகுத்தலுக்குப் பொருளில்லை.

நேரலை, நீண்ட பேட்டி போன்றவற்றுக்கு டம்மி பேட்டரி நல்லது: பேட்டரி வடிவக் கட்டை, அதிலிருந்து ஒயர். ஒரே எச்சரிக்கை, யாராவது ஒயரில் கால் இடறினால் கேமரா அந்த நொடியே அணைந்து, பதிவாகிக்கொண்டிருந்த ஃபைல் கெடும். ஒயரை முக்காலியின் காலோடு டேப் போட்டு ஒட்டுங்கள். கல்யாண மண்டபத்தில் லைட்காரர் எல்லா பிளக்கையும் பிடித்த பிறகு இந்த யோசனையும் கைகொடுக்காது. அங்கே நிரப்பிய ஸ்பேர்தான் தெய்வம்.

எத்தனை பேட்டரி?

விளம்பரத்தில் வரும் எண்ணிக்கை ஜப்பானின் சிபா அமைப்பின் சோதனை முறைப்படி. ஆல்ஃபா 7 IV-க்கு திரை வழியே 580 படம், வியூஃபைண்டரில் 520. தொடர்ச்சியாக எடுத்தால் இதைவிட அதிகமும் வரும், ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் குறையும். வீட்டு விசேஷம், ஊர் சுற்றல் என்றால் இரண்டு. அரைநாள் கல்யாணம், இடையே வீடியோ என்றால் மூன்று.

பெட்டி வந்த அன்று

சீல் உடைப்பதிலிருந்து இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். பெட்டி, கேமராவின் அடி, பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றா? புதிதாக ஃபார்மாட் செய்த கார்டில் முதல் படம் எடுங்கள். சோனியில் ஃபைல் எண் 00001-இல் தொடங்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கினால் ஷோரூமில் காட்சிக்கு வைத்ததாக இருக்கலாம்.

'முதல் தடவை எட்டு மணிநேரம் சார்ஜ் போடணும்' என்பது நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. நிறைந்ததும் எடுத்துவிடலாம். தனியாக விமானத்தில் வரும் லித்தியம் பேட்டரிகளை 30 சதவீதத்துக்கு மேல் நிரப்பி ஏற்றக்கூடாது என்பது 2016 முதல் விதி. ஆகவே ஸ்பேர் பேட்டரி கால்வாசியோடு வந்தால் பழசு என்று சந்தேகப்பட வேண்டாம். ஃபர்ம்வேர் அப்டேட்டை மட்டும் பேட்டரி நிறைந்தபின் செய்யுங்கள், நடுவில் அணைந்தால் கேமரா முடங்கும்.

ஒவ்வொரு பேட்டரியிலும் 1, 2, 3 என்று எண்ணும் வாங்கிய மாதமும் மார்க்கரில் எழுதுங்கள். ஒன்று மட்டும் சீக்கிரம் தீர்ந்தால் எது என்று தெரியும். மே மாதச் சென்னையில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்தவுடன் சார்ஜும் போடாதீர்கள், பேட்டரி ஆறட்டும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் 50 சதவீதத்தில் வெளியே எடுத்து வையுங்கள். சில்லறை, சாவியோடு ஒரே பாக்கெட்டில் போட்டால் முனைகள் உரசி ஷார்ட் ஆகும். கூடவே வரும் பிளாஸ்டிக் மூடியைத் தொலைக்காதீர்கள். நிறைந்தது மூடி போட்டு, தீர்ந்தது மூடி இல்லாமல் தனிப்பையில் என்று வைத்துக்கொண்டால் அவசரத்தில் எதை எடுப்பது என்ற குழப்பமும் தீரும்.

விமானத்தில் ஸ்பேர் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். கேமரா பேட்டரிகள் அந்த எல்லைக்கு வெகு கீழே. 27,000 எம்ஏஎச் பவர் பேங்க் அந்த விளிம்பில் நிற்கிறது, அதற்கு மேல் வாங்காதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடவே தடை விதித்திருக்கிறது. வேறு நிறுவனங்களும் அந்த வழியில் போகின்றன. கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.